ஆர்க்கிட் நம் வீட்டுக்கு வந்த கதை

திருவையாற்றில் எங்கள் வீட்டுக்கு முதல் ஆர்க்கிட் செடி வந்தபோது அதற்கு நாங்கள் செய்யாத உபசாரம் இல்லை. காவிரியின் வண்டல் மண்ணைச் சலித்துத் தொட்டியில் நிரப்பி, தொழுவுரம் கலந்து, காலையும் மாலையும் நீர் வார்த்தோம். மூன்றே வாரத்தில் வேர் அழுகிச் செடி மடிந்தது. நெல்லுக்கு நீர் கட்டியே பழகிய கைகள் அல்லவா? இதே பிழையை ஐரோப்பா நமக்கு முன்பே பெரிய அளவில் செய்து முடித்திருந்தது என்று பின்னர் படித்தறிந்தபோது சற்றே ஆறுதல் பிறந்தது.

ஆர்க்கிட் நமக்கு அந்நியமன்று. மரக்கிளைகளைப் பற்றி வளரும் வாண்டா இனம் தமிழகச் சமவெளியிலும் உண்டு. அதைப் புல்லுருவி என்றெண்ணிப் பிய்த்தெறிவோரும் உளர். பாவம், புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். இதுவோ கிளையில் இடம் மட்டுமே கேட்கிறது. மழைநீரும் காற்றின் ஈரமும் அதற்குப் போதும். வாண்டா என்ற பெயரே வடசொல்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் வாழ்ந்த வில்லியம் ஜோன்ஸ் அதைத் தாவர நூலாருக்கு அறிமுகம் செய்தார்.

காவிரி நாட்டுக் கடற்கரையாம் தரங்கம்பாடிக்கும் இக்கதையில் பங்கு உண்டு. லின்னேயஸின் மாணவரான யோஹான் கோனிக் 1768இல் டேனிய மிஷனின் மருத்துவராக அங்கு வந்திறங்கினார். பின்னர் அவர் சயாம் சென்று திரட்டிய ஆர்க்கிட் குறிப்புகள், 1785இல் அவர் மறைந்தபின், 1791இல் ரெட்சியஸ் என்ற சுவீடன் அறிஞரால் அச்சேறின.

அடுத்த நூற்றாண்டில் ஆர்க்கிட் மோகம் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டது. வெப்ப நாட்டுச் செடி என்றாலே புழுக்கம் வேண்டும் என்று கருதிய தோட்டக்காரர்கள், கண்ணாடி வீடுகளை இறுக அடைத்து அனல் மூட்டினர். கப்பல்களில் வந்த செடிகள் ஆயிரமாயிரமாய் மடிந்தன. அவற்றுள் பல, குளிர்ந்த மலைச்சரிவுகளில் காற்று வீசும் கிளைகளில் வளர்ந்தவை என்பது மெல்லத்தான் விளங்கிற்று. 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் காற்றோட்டத்துக்கு வழிசெய்த பிறகு செடிகள் பிழைக்கத் தொடங்கின. எக்ஸிட்டர் நகரில் ஜான் டாமினி என்ற தோட்டக்காரர் இரு இனங்களைக் கலந்து வளர்த்த கலாந்தே 1856இல் பூத்தது. மனிதர் கையால் பிறந்து மலர்ந்த முதல் கலப்பின ஆர்க்கிட் அதுவே.

ஆயினும் என் மனத்துக்கு நெருக்கமானவர் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிம். பர்மாப் பக்கத்து வாண்டா ஒன்றையும் மலாய் நாட்டு வாண்டா ஒன்றையும் தம் வீட்டுத் தோட்டத்திலேயே அவர் இணைத்தார். 1893இல் அதன் மலரைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி உலகுக்கு அறிவித்தார். அது வண்டு செய்த வேலை, அம்மையார் கண்டெடுத்தார், அவ்வளவே என்று பிற்காலத்தில் சிலர் வாதிட்டனர். ஒரு பெண் வீட்டில் செய்த ஆய்வை நம்ப அவ்வளவு தயக்கம்! 1981இல் அம்மலர் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. அதை உருவாக்கியவர் அவரே என்று அந்நாட்டு அமைப்புகள் ஏற்றதோ 2016இல்தான்.

ஆர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. முளைக்க வேண்டிய உணவு அதனுள் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையே அதற்குச் செவிலித்தாய் என்று பிரான்சின் நோயல் பெர்னார் 1899இல் கண்டார். சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சையின்றியே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கரான நட்சன் 1922இல் காட்டினார். 1960இல் ஜார்ஜ் மோரெல் திசு வளர்ப்புக்கு வழிகாட்டினார். செல்வர் மாளிகையில் இருந்த மலர் நம் திண்ணைக்கு வந்தது இவ்வாறே.

இரண்டாம் முறை நாங்கள் டெண்ட்ரோபியம் கலப்பினத்தைத் தேர்ந்தோம். கடையில் கண்ணைக் கவரும் ஃபலனாப்சிஸ், இரவுக் குளிர்ச்சி போதாத தஞ்சை வெப்பத்தில் மறுமுறை பூப்பது அரிது. பக்கமெல்லாம் துளையிட்ட மண்தொட்டியில் கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் தேங்காய் மட்டையும் மட்டுமே இட்டோம். மண் ஒரு பிடியும் இல்லை. பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையின் கீழ், காலை இளவெயில் படும் இடத்தில் தொங்கவிட்டோம். அதன் வேரே பேசும்: நனைந்தால் பச்சை, உலர்ந்தால் வெள்ளி நிறம். வெள்ளி நிறம் கண்டால் மட்டுமே நீர், அதுவும் காலையில். வாரம் ஒருமுறை மிக நீர்த்த உரம். சித்திரை அனலில் சுற்றிலும் தரையை நனைப்போம். ஐப்பசி அடைமழையில் கூரைக்குள் கொண்டுவருவோம்.

இலையுதிர்ந்து காய்ந்த கரும்புச் சோகைபோல் நின்ற பழைய தண்டு ஒன்றை வெட்ட ஒருநாள் அரிவாளை எடுத்தேன். பழந்தண்டில்தான் செடி உணவைச் சேமிக்கிறது, விட்டுவிடுங்கள் என்று மனைவி தடுத்தாள். தை மாதத்தில் அந்தத் தண்டின் நுனியிலேயே ஊதா நிறத்தில் ஏழு பூக்கள் மலர்ந்தன.