விண்வெளித்துறைத் திறப்பு: பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும்

விண்வெளித்துறைத் திறப்பு என்பது, அரசின் கையில் மட்டும் இருந்த செய்மதிக் கட்டுமானம், ரொக்கெட் ஏவுதல், தரைநிலையம் நடத்துதல் ஆகிய வேலைகளில் தனியார் கம்பனிகளும் பல்கலைக்கழகங்களும் இறங்க வழிவிடுவதைக் குறிக்கும். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் வர்த்தக விண்வெளி ஏவுதல் சட்டமும், இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அமைச்சரவை முடிவும் இதன் தொடக்கமாகச் சொல்லப்படுகின்றன. இலங்கைக்கு அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு திகதி இல்லை. திறந்துவிடுவதற்கு இங்கே பூட்டிய வீடே இருக்கவில்லை; அத்திவாரம் போடுமுன்னரே ஒரு கம்பனியும் சில இளம் பொறியியலாளரும் வளவுக்குள் வந்துவிட்டார்கள்.

இந்த வரலாற்றில் இலங்கை முதலில் வருவது ஒரு தடையாகத்தான். இந்தியாவின் ஏவுதளமான ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் நேர்தெற்கே கிளம்பினால் இலங்கைக்கு மேலாகப் பறக்க வேண்டும். கழன்று விழும் கட்டங்கள் ஊர்மனைகளில் விழலாகாது என்பதால், அது தென்கிழக்காகப் புறப்பட்டு வங்கக் கடலுக்கு மேல் போன பின்னரே தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. செலவான அளவுக்குத் தூக்கக்கூடிய பாரம் குறைகிறது. பெரிய ரொக்கெட் இதைத் தாங்கிக்கொள்ளும். தனியார் கட்ட விரும்பும் சிறிய ரொக்கெட்டுக்கோ இது பெரும் நட்டம். தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளம் எழுவதற்கு இதுவே முதற் காரணம். 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட அந்த இடம், யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவிலிருந்து தென்மேற்கே 200 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே கிளம்பும் ரொக்கெட்டுக்கு முன்னால் கடல் மட்டுமே.

நெடுந்தீவாருக்குச் செய்மதி அறிமுகமானது கடலில்தான். தீவுக்குத் தென்மேற்கே கச்சதீவும், 1974இல் வகுக்கப்பட்ட கடலெல்லையும் உள்ளன. தண்ணீரில் கோடு ஏது? எல்லை எங்கே போகிறது என்பதைச் சொல்வது படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவி. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டபின், ஆழ்கடலுக்குப் போகும் பலநாட் படகுகளில் செய்மதிவழிக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. தடை 2016இல் நீங்கியது. தீவகத்தின் ஒருநாட் படகுகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன.

தொடக்க வரலாறு

தனியார் விண்வெளிக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான் என்ற எண்ணம் பொதுவாக உண்டு. ஆண்டுகளைப் புரட்டினால் அது நிற்காது. கலிபோர்னியாவின் வானொலி ஆர்வலர்கள் செய்த ஒஸ்கார்-1, 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்க விமானப்படையின் ரொக்கெட்டில் ஒட்டிக்கொண்டு மேலே போயிற்று. மறு ஆண்டு ஜூலையில் ஏ.டி. அன்ட் டி. கம்பனியின் டெல்ஸ்டார் சென்றது. ஏவிக் கொடுத்த நாசாவுக்குக் கம்பனியே பணம் கட்டியது. 1967ஆம் ஆண்டின் புறவெளி உடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரை, அரசு சாராத எவர் விண்வெளியில் எதைச் செய்தாலும் அதற்கு அவரது நாடே பொறுப்பு என்று விதித்தது. தனியார் உள்ளே வர ஒவ்வொரு நாட்டிலும் அனுமதிப்பத்திரம் கொடுக்கும் ஓர் அலுவலகம் வேண்டியிருப்பது இதனால்தான்.

கொழும்புக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. ஒரே இடத்துக்கு மேல் நிலையாக நிற்பதுபோல் சுழலும் செய்மதிகளால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945 ஒக்டோபர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். இந்தியா 1975-76இல் 2,400 கிராமங்களுக்குச் செய்மதிவழிக் கல்வித் தொலைக்காட்சி காட்டியபோது, இந்திய விண்வெளி ஆய்வு அமைப்பான இஸ்ரோவின் பொறியியலாளர்கள் கொழும்பில் அவருடைய வீட்டில் ஓர் ஏற்புக் கருவியைப் பொருத்திக் கொடுத்தார்கள். 1984ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் அவருடைய பெயரில் ஒரு நிலையத்தை உண்டாக்கியது. பின்னர் நிறுவகமாகப் பெயர் மாறிய அது மொறட்டுவை கட்டுபெத்தையில் இயங்குகிறது. கருத்தை முன்வைத்தவர் ஊரிலேயே இருந்தும், நாட்டின் முதற் செய்மதி மேலே போக 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகச் செய்மதிகள்

பல்கலைக்கழகம் செய்மதி செய்யலாம் என்று காட்டியது இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகம். அதன் யூஓசாட்-1, 1981 ஒக்டோபரில் ஏவப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அந்தக் குழு ஒரு கம்பனியாகவே மாறியது. 1999இல் அமெரிக்கப் பேராசிரியர் இருவர், பொப் ட்விக்ஸ், ஜோர்டி புய்க்-சுவாரி, பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் கொண்ட கியூப்சாட் அளவை வகுத்தார்கள். அளவு ஒன்றானதால் ரொக்கெட்டிலிருந்து வெளியே தள்ளும் பெட்டியும் ஒன்றாயிற்று, செலவு விழுந்தது.

எடைப்படி, 10 முதல் 100 கிலோ வரை நுண்செய்மதி, 1 முதல் 10 வரை நனோ, அதற்குக் கீழே பிக்கோ. இந்தியாவின் மாணவர் செய்மதிகள் பெரியதில் தொடங்கின; பின்னால் வந்தவை அதைவிடச் சிறியவை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டிய முதற் செய்மதி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில், அப்துல் கலாம் படித்த அதே இடத்தில், அது உருவானது. எடை 40 கிலோ. பூமியில் ஓரிடத்தில் கொடுத்த செய்தியை வாங்கி வைத்து, வேறோரிடத்துக்கு மேலே வரும்போது இறக்கிவிடுவது அதன் வேலை. 2009 ஏப்ரல் 20 அன்று, ரிசாட்-2 என்ற ராடார் செய்மதியுடன் பி.எஸ்.எல்.வி. சி12இல் அது சென்றது. எல்லை கண்காணிக்கும் பெரிய செய்மதிக்குப் பக்கத்தில் மாணவர் பெட்டியையும் ஏற்றலாம் என்று இஸ்ரோ இசைந்தது, பின்னால் வந்த கொள்கை அறிக்கைகளைவிடப் பெரிய முடிவு.

அடுத்த ஆண்டு பெங்களூர், ஐதராபாத் பொறியியற் கல்லூரி மாணவரின் ஸ்டட்சாட் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பறந்தது. 2011 ஒக்டோபரில் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் 10.9 கிலோ எஸ்.ஆர்.எம்.சாட் சென்றது; பசுமையில்ல வாயுக்களை அளக்கும் நிறமாலைமானி அதில் இருந்தது. 2016 ஜூனில் 1.5 கிலோ சத்யபாமாசாட்டும் அதே வேலைக்குச் சென்றது. 2017 ஜூனில் குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் பயிர்களைப் படம்பிடிக்க 15 கிலோ நியூசாட்டை அனுப்பியது. 2019 ஜனவரியில் சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா செய்த 1.26 கிலோ கலாம்சாட்-வி2, வேலை முடிந்த ரொக்கெட்டின் கடைசிக் கட்டத்தையே மேடையாக்கிச் சுற்றியது. இவற்றுள் எதுவும் அறிவியலைப் புரட்டிப் போடவில்லை. ஆனால் பற்று இரும்பைப் பிடித்துச் சுற்றுப்பலகை ஒட்டி, அதிர்வுச் சோதனையில் கழன்ற திருகாணியைத் தேடிப் பழகிய ஒரு தலைமுறையை இவை உண்டாக்கின. பின்னால் வந்த கம்பனிகளுக்கு ஆள் கிடைத்தது இங்கிருந்துதான்.

கம்பனிகளின் வரவு

இந்தியத் தனியார் கம்பனிகள் பல பத்தாண்டுகளாக இஸ்ரோவுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்தன. சொந்தமாக ஏவ அவற்றுக்கு உரிமை இருக்கவில்லை. இஸ்ரோவின் வணிகப் பிரிவான அன்ட்ரிக்ஸ் 2005இல் தேவாஸ் கம்பனியுடன் செய்த அலைவரிசை உடன்பாடு 2011இல் இரத்தாகி வழக்குகளாக வளர்ந்தது. அதன்பின் தனியாரைக் கண்டால் அதிகாரிகள் கையை இழுத்துக்கொண்டார்கள். 2020 ஜூன் 24 அன்று அமைச்சரவை இன்-ஸ்பேஸ் என்ற அனுமதி அமைப்புக்கு ஒப்புதல் தந்தபோதுதான் அந்தத் தயக்கம் உடைந்தது. 2017இல் வெளியான வரைவுச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வராமலே கிடக்க, 2023 ஏப்ரலில் வந்த விண்வெளிக் கொள்கையே இன்று வழிகாட்டி. 2024இல் செய்மதிகளுக்கு 74 வீதமும் ஏவுவாகனங்களுக்கு 49 வீதமும் வெளிநாட்டு முதலீடு முன்னனுமதியின்றி வரலாம் என்றாயிற்று.

ஐதராபாத்தின் ஸ்கைரூட் 2022 நவம்பர் 18இல் விக்ரம்-எஸ் ரொக்கெட்டை 89.5 கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பியது. தமிழ் வாசகருக்கு நெருக்கமானது அக்னிகுல். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுகூடத்தைச் சார்ந்து 2017இல் தொடங்கிய இந்தக் கம்பனி, நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பற்றவைத்துச் செய்யும் இயந்திரத்தை முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக அச்சிட்டது. பற்று இல்லாத இடத்தில் கசிவும் இல்லை என்பது கணக்கு. எரிபொருள் விமான எண்ணெய், கூடவே குளிர்ந்த திரவ ஒட்சிசன். ஸ்ரீஹரிக்கோட்டாவுக்குள் தனக்கென ஒரு சிறிய ஏவுமேடையையும் அது கட்டியது. பலமுறை தள்ளிப்போன பின், 2024 மே 30 காலை 7.15க்கு அந்த மேடையிலிருந்து சோதனை ரொக்கெட் எழும்பியது.

இலங்கை

2012 நவம்பர் 27 அன்று சீனாவின் சிச்சாங்கிலிருந்து போன சைனாசாட்-12 செய்மதியில் ஒரு பகுதி, சுப்ரீம்சாட் என்ற இலங்கைத் தனியார் கம்பனியின் பெயரைத் தாங்கியது. நாட்டின் முதற் செய்மதி என்று அப்போது பேசப்பட்டாலும் அது குத்தகைக்கு எடுத்த இடமே. இலங்கைப் பொறியியலாளரின் கையால் செய்த முதற் செய்மதி இராவணா-1. புட்பக விமானத்தில் பறந்தவனாகக் கதைகள் சொல்லும் வேந்தனின் பெயரைச் சுமந்த அந்த ஒரு கிலோ கனச்சதுரத்தை, தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே ஆகிய இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் கட்டினார்கள். நேபாளத்தினதும் ஜப்பானினதும் செய்மதிகள் அதன் கூடப்பிறந்தவை. 2019 ஏப்ரல் 17இல் சரக்குக் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 அன்று அங்கிருந்து வெளியே விடப்பட்டது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரம். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஒருமுறை தலைக்கு மேலே கடக்கும்போது கட்டுபெத்தையின் அன்டெனாவுக்கு அகப்படுவது சுமார் பத்து நிமிடம். இலங்கையைப் படமெடுப்பதும், குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குத் தரவு அனுப்பிப் பார்ப்பதும் அதன் பணிகளுள் சில. 2021இல் வளிமண்டலத்துள் விழுந்து எரிந்தது.

பல்கலைக்கழகங்கள் நுழைய மிக மலிவான வழி, அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்பதுதான். கையால் திருப்பும் ஒரு யாகி அன்டெனா, ஒரு வானொலிப் பெட்டி, ஒரு மடிக்கணினி போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. மின், இலத்திரனியல், கணினிப் பொறியியல் அங்கே கற்பிக்கப்படுவதால், தேவையான படிப்பு வடக்கிலேயே உண்டு. உயர்ந்த கட்டடமும் மலையும் இல்லாத தீவகத்தில் அடிவானம்வரை வானம் திறந்திருக்கிறது; தரைநிலையத்துக்கு வேண்டிய முதற் தகுதி அதுவே.

தற்போதைய நிலை

இந்தியாவில் இஸ்ரோவின் சிறிய ரொக்கெட்டின் தொழில்நுட்பம் இந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறுகிறது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் தனக்கென விண்வெளித் தொழிற் கொள்கையை ஏற்றது. இலங்கையில் 2024இல் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டது, அதே ஆண்டு ஓகஸ்டில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு செய்மதிவழி இணையம் தரும் ஸ்டார்லிங்குக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தது, 2025 ஜூலையில் சேவை தொடங்கியது.