தேயிலைக்கு உரம் போட ஆள் பிடிக்கும் முன்

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. நவம்பரில் தடை நீங்கினாலும் உர விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஹட்டன், நுவரெலியா பகுதிகளில் சிறு தேயிலைக் காணி வைத்திருப்போருக்கு வீணாகும் ஒவ்வொரு மூட்டையும் கைக்காசு இழப்பே. எனவே கூலிக்கு ஆள் அமர்த்தும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

மண்: காணியில் பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். அண்மையில் உரம் போட்ட இடத்தைத் தவிர்க்கவும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப் பரிசோதிக்கலாம். தேயிலைக்கு உகந்த பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை. அதற்குக் கீழே போனால் டொலமைட் தேவைப்படும்; கவ்வாத்துக் காலமே அதற்கு ஏற்றது. டொலமைட்டை யூரியாவுடன் கலக்கக் கூடாது. நைதரசன் வாயுவாகப் போய்விடும்.

காலம்: மண் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் அடைமழையில் போட்டால் உரம் ஓடைக்குத்தான் போகும். முதலில் புல்லை வெட்டுங்கள்.

பேச்சு: நாட்கூலியா, மூட்டைக் கணக்கா, ஒரு செடிக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். மூட்டையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. அளவு கூடினால் வேர் கருகும். வேலை செய்பவருக்குக் கையுறை கொடுப்பது காணிக்காரரின் பொறுப்பு.