சுவார்ட்ஸ் ஐயரின் சொல்லும் எண்பதாயிரம் கலம் நெல்லும்



சரபோஜி மன்னரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "சார், அவரை வளர்த்த பாதிரியார் யார்?" என்று கேட்டுவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி இருந்தால் அதிகம். நானும் வகுப்பில் அந்த ஒரு வரியைத்தான் சொல்ல நேரம் இருந்தது. இப்போது பீரியட் மணி அடிக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

கிறிஸ்டியன் ஃபிரடெரிக் சுவார்ட்ஸ். 1726-இல் பிரஷ்யாவில் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சேயிடம் தமிழ் கற்றுக்கொண்டார். 1750-இல் தரங்கம்பாடி வந்தார். வந்த நான்கு மாதத்தில் சீகன்பால்க் கட்டிய ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். அதன்பின் 48 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. தரங்கம்பாடி, பிறகு திருச்சி, கடைசியில் தஞ்சாவூர். அவ்வளவுதான் அவருடைய உலகம்.

திருச்சியில் அவர் வாழ்ந்த விதத்தை நேரில் பார்த்த ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பழைய கட்டடத்தில், கட்டிலும் ஆளும் கொள்ளும் அளவுக்கு ஓர் அறை. பித்தளைப் பாத்திரத்தில் சோறும் காய்கறியும். மாத வருமானம் பத்து பகோடா. அதே திருச்சியில் கம்பெனி அதிகாரிகளும் கான்ட்ராக்டர்களும் எப்படிச் சம்பாதித்தார்கள் என்பது வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும்.

தினமும் காலையில் உபதேசியார்களைக் கூட்டி ஜெபம் செய்வார். யார் எந்தத் தெருவுக்கு, எந்தக் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். மாலையில் எல்லாரும் திரும்பி வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி ஜெபம். இதைப் பல்லாண்டுகள் விடாமல் நடத்தினார். பெரிய சாதனை என்று யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு என்னவோ மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது என்று தோன்றுகிறது.

1779-இல் கம்பெனியின் சென்னை கவர்னர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்து, ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியைப் பார்த்து வரச் சொன்னார். கம்பெனிக்குச் சமாதான எண்ணம்தான் என்று ஹைதருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஹைதர் கம்பெனி ஆட்களை நம்பத் தயாராக இல்லை. அந்தப் பாதிரியை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று அவரே கேட்டதாகச் சொல்வார்கள். சுவார்ட்ஸ் போனார். ஹைதர் மரியாதையாக நடத்தினார். கிளம்பும்போது வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைக் கொண்டுவந்து சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லவும், தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை ஒதுக்கினார்.

ஆனால் தூது பலிக்கவில்லை. எப்படிப் பலிக்கும்? அதே ஆண்டு மார்ச்சில்தான், ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹேயைக் கம்பெனி பிடித்திருந்தது. ஒரு கையில் சமாதானம், மறு கையில் பீரங்கி. நாணயமான ஒரு மனிதரை நாணயமில்லாதவர்கள் முன்னால் நிறுத்தினார்கள் என்றுதான் இதை நான் படிக்கிறேன். அவர் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கட்சி. இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தாமல் இருக்கும் என்ற நம்பிக்கையில் போனதாக அவர் எழுதியிருக்கிறார். 1780-இல் ஹைதரின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. அந்தப் போரிலும் பாதிரியை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது, அவரைத் தாராளமாகப் போகவிடுங்கள் என்று ஹைதர் தன் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார்.

இனிமேல் வருவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

போர் தஞ்சையைச் சூறையாடியது. அறுவடை நெருங்கும் சமயம் பார்த்துப் பகைவர் படை வரும். கிராமத்து ஜனங்கள் கோட்டைக்குள் வந்து குவிந்தார்கள். காலையில் எழுந்தால் தெருவில் பிணங்கள். காவல் காக்கும் சிப்பாய்களுக்கே சோறு இல்லை. இத்தனைக்கும் வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடு வேண்டும். மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள். ஏன்? முன்பெல்லாம் மாட்டையும் ஆளையும் வேலை வாங்கிக்கொண்டு, கூலியை அதிகாரிகள் விழுங்கிவிட்டார்கள். ராஜா சொன்னாலும் நம்பவில்லை, கம்பெனி சொன்னாலும் நம்பவில்லை.

கடைசியில் சுவார்ட்ஸிடம் வந்து, நீங்கள் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். அவர் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். கூலிக்கு நான் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். ஓரிரண்டு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து சேர்ந்தன. உபதேசியார்களும் மற்றக் கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குப் போய் நெல்லைக் கொண்டுவந்தார்கள். எண்பதாயிரம் கலம். (இளைய நண்பர்களுக்காக: தஞ்சைப் பக்கம் 12 மரக்கால் ஒரு கலம். கலக்கணக்கு தெரிந்த தாத்தா வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சந்தோஷப்படுவார்.)

வேலை முடிந்ததும் எல்லாருக்கும் கூலியைக் கொடுத்து, சின்னதாய் ஒரு வெகுமானமும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார். கையில் இருந்த பணம் போதவில்லை. மற்றவர்களுக்குச் சொந்தமான பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்ததாக அவரே எழுதுகிறார். 1782-இல் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை பிடிபட்ட பிறகு மறுபடியும் அதே பஞ்சம். மறுபடியும் அவரிடமே போனார்கள். இந்த முறை தயக்கம் இல்லை. கூலி போகாது என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. மாட்டோடு வந்தார்கள். இதெல்லாம் போக, விலை மலிவாக இருந்தபோதே அவர் வாங்கிச் சேர்த்திருந்த அரிசியும் பட்டினி கிடந்தவர்களுக்குப் போனது.

போர் ஓய்ந்தபின் வேறொரு சோதனை. வசூல் கொடுமை தாங்காமல் 65,000 பேர் சீமையை விட்டே போய்விட்டார்கள். நிலம் தரிசு. திரும்பி வாருங்கள் என்று அழைத்தால் யார் நம்புவார்கள்? சுவார்ட்ஸ் பேசினார், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். பருவம் கடந்துகொண்டிருக்கிறது, சீக்கிரம் உழுங்கள் என்று அவர் சொன்னபோது, உங்கள் முகத்துக்காக இரவு பகலாகப் பாடுபடுகிறோம் என்ற பொருளில் அவர்கள் பதில் சொன்னார்களாம்.

இவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். அவருடைய வேதத்தை ஏற்காதவர்கள், அவருடைய வார்த்தையை ஏற்றார்கள். நம் மொழியில் 'விசுவாசம்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. கோயிலுக்குள் அது கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கை. வெளியே அது சொன்ன சொல் தவறாத நன்றியுள்ள நடத்தை. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொல் தேவைப்படுகிறது. மாடு ஓட்டி வந்த அந்தக் குடியானவர்களுக்கு முதல் அர்த்தம் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டாவதை வைத்து முதலாவதை எடை போட்டிருப்பார்கள்.

பள்ளிக்கூட விஷயத்திலும் அப்படித்தான். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் 1785-ஐ ஒட்டி ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கினார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் இந்துப் பிள்ளைகள். பிள்ளைகளை ஏமாற்றி மதத்துக்கு இழுக்கும் தந்திரம் எதுவும் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

அதனால்தான் 1787-இல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில், சுவீகாரம் எடுத்த பத்து வயதுப் பையன் சரபோஜியைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் வேண்டினார். அரண்மனைச் சதி எத்தனை என்று அறிந்தவர் சுவார்ட்ஸ்; தன்னால் ஆகாது என்று தயங்கினார். அமர்சிங் பட்டத்துக்கு வந்தார். பையன் அடைபட்டுக் கிடந்தான். சுவார்ட்ஸ் விடாமல் எழுதிப் போராடி, 1793-இல் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிப்புக்கு ஏற்பாடு செய்தார். சரபோஜி கடைசிவரை இந்து மன்னராகவே இருந்தார். அந்த உறவு குறையவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். அவர் காலத்துத் தஞ்சைத் திருச்சபையில் சாதி வாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். மெல்ல மெல்ல மாறும் என்று நினைத்தார். மாறவில்லை. 1833-இல் பிஷப் வில்சன் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சை சபையே இரண்டுபட்டது. சுவார்ட்ஸ் வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியார், அத்தனை பெரிய கவிஞர், சாதியை விடமாட்டோம் என்ற பக்கத்தில் நின்றார். மாட்டுக்காரனின் கூலியில் ஒரு காசு குறையவிடாதவர், இந்த ஒரு கடனை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவிட்டார் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

1798 பிப்ரவரி 13-இல் சுவார்ட்ஸ் காலமானார். சரபோஜி வந்து முகம் பார்க்கும்வரை அடக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். அவர் வந்து அழுதார், பொன்னாடை போர்த்தினார். சில மாதங்களில் அவரே தஞ்சையின் அரசரானார்.

தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் ஆலயம் இருக்கிறது. உள்ளே சரபோஜி லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம்: படுக்கையில் கிழவர், அவர் கையைப் பிடித்தபடி இளவரசர். கல்லறை அங்கே இல்லை; மானம்புச்சாவடியில் புனித பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லில் உள்ள ஆங்கிலப் பாட்டு சரபோஜியே எழுதியது. இலக்கணத்தில் ஓரிரு இடம் தட்டும். திருத்தாமல் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள்.