ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றோடு போகும் பொருளை அளந்து ஆவதென்ன என்று இளையோர் வினவலாம். போனது எவ்வளவு என்று அறிந்தவனே வந்தது எவ்வளவு என்று மதிப்பிட வல்லவன் என்பதே அதற்கு விடை. இம்முதுமொழி விளம்பரத்துக்கு மிகவும் பொருந்தும். கொள்முதலுக்கும் கூலிக்கும் வாடகைக்கும் தவறாது கணக்கெழுதும் வணிகர்கூட, விளம்பரத்துக்குச் செலவிட்டதை மட்டும் ஆற்றில் போட்டதாகக் கருதி விட்டுவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், எம் பள்ளி மாணவர் ஒருவரின் தந்தையார் தீபாவளி முடிந்த கையோடு என்னைக் காண வந்தார். சிறியதொரு துணிக்கடை நடத்துபவர். "ஐயா, துண்டறிக்கை அடித்தேன், பத்திரிகையிலும் போட்டேன், கூட்டமும் வந்தது. ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லையே!" என்றார். அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர் வாணிக வரலாறு பற்றிய நூல்களைப் புரட்டியபோது, அவருடைய வினாவுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே விடை தேடிய கணக்கர் ஒருவரைக் கண்டேன்.

அவர் பெயர் கிளாட் ஹாப்கின்ஸ். 1866இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில், கம்பளம் பெருக்கும் கருவிகளைச் செய்து விற்ற பிஸ்ஸல் நிறுவனத்தில் கணக்கெழுதி வந்தார். கணக்கெழுதுபவன் நிறுவனத்துக்குச் செலவு, விற்றுத் தருபவனே வரவு என்னும் உண்மை அங்கே அவருக்குப் புலனாயிற்று. ஆகவே விற்பனைப் பக்கம் திரும்பினார். அக்கருவியைக் கிறிஸ்துமஸ் பரிசாக விற்கலாம் என்று எடுத்துரைத்து, வணிகர்களுக்கு ஏறத்தாழ 5,000 கடிதங்கள் விடுத்தார். 1,000 பேர் சரக்குக் கேட்டு எழுதினர் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே குறிக்கிறார். ஐந்து கடிதங்களுக்கு ஒரு விற்பனை! கடிதம் எழுதி விற்றவர் பலர் இருக்கலாம். விடுத்தது இத்தனை, பலித்தது இத்தனை என்று எழுதி வைத்ததே கணக்கரின் தனிச்சிறப்பு.

அக்காலத்து வணிகர் நிலையை ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்திரிகைகள் தத்தம் விற்பனையை மிகைப்படுத்திக் கூறிவந்த காலம் அது. அமெரிக்காவில் பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்து சான்றளிக்கும் பொதுக்கழகம் 1914இல்தான் தோன்றியது. எத்தனை பேர் படிக்கின்றனர் என்பதே தெரியாதபோது, படித்தவருள் வாங்கியவர் எத்தனை பேர் என்பதை எங்ஙனம் அறிவது?

இதற்கு அஞ்சல்வழி வாணிகம் செய்தோர் எளியதொரு வழி கண்டிருந்தனர். விளம்பரத்தின் ஓரத்தில் வெட்டி அனுப்பத்தக்க கூப்பன் ஒன்றை அச்சிட்டனர். ஒவ்வொரு பத்திரிகையின் கூப்பனிலும் வெவ்வேறு அடையாளக் குறி இருக்கும். திரும்பி வரும் கூப்பன்களைக் குறிவாரியாகப் பிரித்து எண்ணினால், எந்தப் பத்திரிகை எத்தனை பேரை அழைத்து வந்தது என்பது வெளிப்பட்டுவிடும். ஒரே பொருளுக்கு இரு வேறு தலைப்புகள் கொடுத்து, எது மிகுதியான பேரை ஈர்த்தது என்றும் ஒப்பிடலாம். 1907இல் சிகாகோ நகரின் லார்ட் அண்ட் தாமஸ் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்த ஹாப்கின்ஸ், இம்முறையைப் பெரிதும் வளர்த்தார். முதலில் சில ஊர்களில் சிறு தொகையைச் செலவிட்டுப் பார். பலித்தால் நாடெங்கும் கொண்டு செல். பலிக்காவிடில் அத்துடன் நிறுத்து. 1923இல் அவர் வெளியிட்ட விளம்பர அறிவியல் பற்றிய நூலின் சாரம் இதுவே எனலாம்.

ஆயினும், இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. சிகாகோ நிறுவனத்தில் சேர்வதற்கு முன், லிக்குவோசோன் என்னும் மருந்தை ஹாப்கின்ஸ் விளம்பரப்படுத்தினார். கூப்பன் அனுப்பினோர்க்கு முதல் புட்டி இலவசம். அவர் எழுதி வைத்த கணக்குப்படி, இலவசப் புட்டி கேட்டு எழுதிய ஒருவரைப் பெற ஆன செலவு 18 சென்ட். அவரால் கிடைத்த விற்பனை 91 சென்ட். ஏட்டளவில் இது மாபெரும் வெற்றி. ஆனால் 1905இல் 'காலியர்ஸ்' இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்னும் எழுத்தாளர் போலி மருந்துகளைத் தோலுரித்துக் காட்டியபோது, லிக்குவோசோனும் அகப்பட்டது. காசநோய் முதலாகப் பல நோய்களைத் தீர்ப்பதாகக் கூறப்பட்ட அம்மருந்தில் இருந்தவை பெரும்பகுதி நீரும் சிறிதளவு கந்தக அமிலமுமே! இத்தகைய கட்டுரைகள் எழுப்பிய கொதிப்பும் ஒரு காரணமாக, 1906இல் அமெரிக்கா உணவு, மருந்துத் தூய்மைச் சட்டத்தை இயற்றியது. கணக்கு பொய் சொல்லவில்லை. வாங்கியவன் நலம் பெற்றானா என்று அக்கணக்கு கேட்கவே இல்லை.

இவ்விரு பாடங்களையும் துணிக்கடைக்காரரிடம் எடுத்துரைத்தேன். அடுத்த தீபாவளிக்கு அவர் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் கட்டங்கள் வரைந்தார். விளம்பர வழி, செலவு, வந்தோர், வாங்கியோர் என நான்கு கட்டங்கள். கடைக்குள் வருவோரிடம் "எதைப் பார்த்து வந்தீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். துண்டறிக்கைக்கு 200 வெள்ளி செலவு. வந்தோர் 40, வாங்கியோர் 10. பத்திரிகைக்கு 240 வெள்ளி செலவு; வந்தோர் 24, வாங்கியோர் 16. வந்தோரை வைத்துப் பார்த்தால், ஒருவரை அழைத்து வரத் துண்டறிக்கைக்கு 5 வெள்ளியும் பத்திரிகைக்கு 10 வெள்ளியும் ஆயின. துண்டறிக்கையே மேல் என்று தோன்றும். வாங்கியோரை வைத்துப் பார்த்தாலோ, துண்டறிக்கைக்கு 20 வெள்ளி, பத்திரிகைக்கு 15 வெள்ளி. வாங்கிய ஒருவரிடம் அவருக்குக் கிடைத்த ஆதாயம் சராசரி 18 வெள்ளி. கூட்டம் சேர்த்த துண்டறிக்கை ஆளுக்கு 2 வெள்ளி இழப்பைத் தந்தது. கூட்டம் சேர்க்காத பத்திரிகை 3 வெள்ளியைத் தந்தது. முந்தைய ஆண்டு கையில் ஒன்றும் நில்லாத காரணம் அவருக்கு அன்று விளங்கியது.

ஐந்தாவது கட்டம் ஒன்றையும் வரையச் சொன்னேன்: மீண்டும் வந்தோர். சாயம் போகாத துணி விற்றவன் கடைக்கே வாங்கியவன் பொங்கலுக்கும் வருவான். லிக்குவோசோன் கணக்கில் விடுபட்டுப்போன கட்டம் இதுவே.

இன்று விளம்பரத்தைப் பார்த்தோர் தொகையைக் கைப்பேசியே எண்ணித் தருகிறது. ஆயினும் பார்த்தோர் வேறு, வந்தோர் வேறு, வாங்கியோர் வேறு, மீண்டும் வந்தோர் வேறு என்னும் பாகுபாட்டை மனிதன்தான் செய்தாக வேண்டும். வகுத்தல் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர்கள் இத்தகைய கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். மாணவருள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பர். அன்று மாலையே அக்கணக்கு கடைக்குப் போய்ச் சேரும்.