காசியில் பிறந்த மருந்தாளுநர் பட்டம்

தில்லிக்கு வந்த புதிதில் ஒருநாள் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். சீட்டை வாங்கிப் படித்த பையனிடம், மருந்தாளுநர் யார் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவன் சுவரைக் காட்டினான். கண்ணாடிச் சட்டத்துக்குள் பதிவுச் சான்றிதழ் தொங்கியது, ஆளைக் காணோம். படித்தவர் எங்கேதான் போனார்? அந்தக் கேள்வியின் பின்னால் போனதில் கிடைத்த செய்திகளே இக்கட்டுரை.

அந்நாளில் மருந்து கலந்து கொடுத்தவர் கம்பவுண்டர். டாக்டர் பக்கத்தில் நின்று கைப்பழக்கத்தில் கற்ற தொழில் அது. முதல் உலகப் போருக்குப் பின் சந்தையில் போலி மருந்தும் கலப்படமும் பெருகின. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னாவிலேயே கலப்படம் என்றால் நோயாளி எதை நம்புவது? கூக்குரல் எழவே 1930-இல் அரசு ஆர்.என். சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. மருந்துக்குச் சட்டமும், மருந்து கொடுப்பவருக்கு முறையான படிப்பும் தேவை என்று 1931-இல் குழு அறிக்கை தந்தது.

அரசு யோசித்துக்கொண்டிருக்கையில் காசி இந்துப் பல்கலைக்கழகம் முந்திக்கொண்டது. அங்கே பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932-இல் மருந்து வேதியியல் பாடத்தைத் தொடங்கினார். 1937-இல் அது மூன்றாண்டு பி.பார்ம். பட்டமாக வளர்ந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். 1940-களில் எம்.பார்மும் அங்கே வந்தது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கலப்படத்தைப் பிடிப்பதே அன்றைய அவசரம். 1940-இல் வந்த மருந்துச் சட்டத்துக்குப் பரிசோதகரும் ஆய்வாளரும் தேவைப்பட்டனர். பிறகு மருந்துத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. பட்டதாரிகள் பெரும்பாலும் சோதனைக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், பதிவு பெற்றவரே மருந்து வழங்கலாம் என்றது வாஸ்தவம்தான். ஆனால் பதிவுக்கு டிப்ளோமாவே போதும் என்றானது. மேற்படிப்பு ஒரு பக்கம், கடைக் கவுண்டர் ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரிந்தது இப்படித்தான்.

நோயாளி பக்கம் படிப்பு திரும்பியது வெகு தாமதமாக. 1990-களின் பிற்பகுதியில் மைசூரிலும் நம் உதகையிலும் மருத்துவமனை சார்ந்த எம்.பார்ம். தொடங்கியது. 2008-இல் ஆறாண்டு பார்ம்.டி. வந்தது; அதன் கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி.

கலப்படத்தைப் பிடிக்கப் பிறந்த படிப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் மாத்திரையை நம்பி விழுங்க முடியுமா? ஆனால் நல்ல மாத்திரையும் ஆள் மாறினால், அளவு மாறினால் விஷந்தான். அதை எடுத்துச் சொல்லத்தான் படித்தவர் கவுண்டரில் நிற்க வேண்டும். அடுத்த தடவை மருந்து வாங்கும்போது, மருந்தாளுநர் எங்கே என்று நீங்களும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், சட்டம் நம் பக்கம் இருக்கிறது.