புற்றுக்குள் விருந்தினர்: ஒரு வண்டும் சில சொற்களும்

1775இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லின்னேயஸின் மாணவர் ஆந்திரேயாஸ் டால் ஓர் ஆய்வேட்டை முன்வைத்தார். அது விவரித்த இரு பூச்சிப் பேரினங்களுள் ஒன்று, உணர்கொம்பு பருத்த சிறு வண்டு, பெயர் 'பாசஸ்'. ஓய்வு, நிறுத்தம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, தம் பணி முடியப்போவதை உணர்ந்த முதிய லின்னேயஸ் இப்பெயரை இட்டார் எனப் பின்வந்தோர் எழுதினர். மூன்றே ஆண்டுகளில் அவர் மறைந்தார். வண்டின் வாழ்க்கையைப் பற்றிப் பெயர் எதுவும் சொல்லவில்லை.

அவ்வாழ்க்கை எறும்புப் புற்றுக்குள் நிகழ்வது. இந்தியாவின் பாசஸ் வண்டுகளை டோனவன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓவியமாக வெளியிட்டார். 1840களில் வங்காளப் படையின் கேப்டன் பாய்ஸ் இவற்றைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். 1912இல் ஃபௌலர் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 'பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்கள்' வரிசைக்காக இவற்றைத் தொகுத்தார். பெட்டியில் குத்திவைத்த வண்டுகள் எண்ணிக்கையில் பெருகின. புற்றில் அவை செய்வதென்ன என்பதோ தனிக் கேள்வியாகவே நின்றது.

அதற்கு விடை சொல்ல முயன்றவர்களுள் முதன்மையானவர் இயேசு சபைத் துறவி எரிக் வாஸ்மன். புற்றில் வாழும் பிற உயிரிகளை அவர் உபசரிக்கப்படும் மெய்விருந்தினர், பொருட்படுத்தப்படாத குடியிருப்போர், விரட்டப்படும் பகைவர் என வகுத்தார். பாசஸை எறும்புகள் நக்குகின்றன. அதன் சுரப்பை விரும்புகின்றன. எனவே அது மெய்விருந்தினராயிற்று. ஆனால் இவ்விருந்தினர் உண்பது எறும்புகளின் குஞ்சுகளை! உபசரிப்பைக் கண்டவர் உணவைக் கவனியாமல் வகைப்படுத்தினால் நேரும் இடர் இது. இன்றைய அறிவியல் இவ்வண்டைச் சமூக ஒட்டுண்ணி என்கிறது.

மொழியியல் மாணவியாகிய எனக்கு இதைவிடச் சுவையானது 2015இல் வெளியான ஓர் ஆய்வு. பாசஸ் ஃபவேரி என்னும் இனம் உடல் உறுப்புகளை உரசி எழுப்பும் ஒலிகள், எறும்பு அரசி, படைவீரர், வேலைக்காரர் ஆகியோரின் ஒலிகளை ஒத்திருந்தன. வேற்று வீட்டில் வாழ அவ்வீட்டு ஒலியைக் கற்றிருக்கிறது. ('கற்றல்' என்பது உவமையே, பரம்பரையாக வந்த திறன்.)

தமிழில் 'விருந்து' என்பதன் பழம்பொருள் புதுமை. புதிய யாப்புவகையையே தொல்காப்பியச் செய்யுளியல் இச்சொல்லால் சுட்டுகிறது. புதிதாக வந்தவர் என்றைக்குப் பழையவராகிறார் என்னும் கேள்வியைச் சொல்லே சுமக்கிறது.

இக்கேள்வியை நான் கோலார் தங்கவயலில் வைத்தே கேட்கிறேன். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைக் கையிலெடுத்தபின் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வந்தனர். லைன் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். தெலுங்கும் கன்னடமும் பேசக் கற்றனர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினர். 1930இல் தொழிலாளர் யாவரும் கைரேகை பதிய வேண்டும் என்றபோது வேலைநிறுத்தம் செய்தனர். எறும்பு மணத்தால் தன்னவரை அறிகிறது. நிர்வாகம் ரேகையால் அறிய விரும்பியது. அடையாளம் காணும் உரிமை யாருடையது என்பதே அன்றைய வழக்கு.

ஆயினும் ஒப்புமை இங்கே முறிகிறது. வண்டு பிறர் தோண்டிய புற்றில் நுழைகிறது. தங்கவயலில் 'வந்தேறி' என்று பெயர் சூட்டப்படுவோரோ சுரங்கத்தைத் தோண்டியவர்களின் பேரர்கள். 'விருந்தினர்' என்று கனிவுடன் அழைப்பதும் இதே பிழையைத்தான் செய்கிறது. வீடு மற்றவருடையது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் பலர் அன்றாடம் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். என் ஆய்வேட்டில் அவர்களைக் 'குடியேறியோர்' என்று நான் குறிப்பதில்லை. தங்கவயல்காரர் என்றே எழுதுகிறேன்.