ஆதாரில் பெயரைத் திருத்தினால் பேன், பிஎஃப்-பிலும் தானாக மாறுமா?

ஆதாரில் பெயரைத் திருத்தியாச்சு, இனி எல்லா இடத்திலும் சரியாகிடும்னு நினைக்கிறீங்களா? ஆகாது.

ஆதார் விவரங்கள் யூஐடிஏஐ வசம் இருக்கின்றன. பேன் வருமான வரித்துறையிடம், பிஎஃப் கணக்கு இபிஎஃப்ஓ-விடம், கேஒய்சி உங்கள் வங்கியிடம். எல்லாமே தனித்தனி டேட்டாபேஸ். ஆதார் எண்ணை இணைத்திருந்தாலும், உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஒவ்வொரு இடத்திலும் தனிப் பதிவாகவே இருக்கும்.

ஒரே டேட்டாபேஸ் என்றால், ஒரு அட்டவணையில் மாற்றியதும் தொடர்புடைய அட்டவணைகளும் மாறும்படி விதி எழுதி வைக்கலாம். வெவ்வேறு துறைகளின் டேட்டாபேஸ்களுக்கு அந்த விதி செல்லாது.

விவரம் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? பேன்-ஆதார் இணைப்பு நடக்காமல் போகலாம். பிஎஃப் பணம் கேட்டு நீங்கள் போடும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

என்ன செய்யணும்? முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். அதில் பொதுவாக 2 முறைதான் பெயர் மாற்ற முடியும், எனவே ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள். இனிஷியல் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்க: பேன் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுதணும். பிறகு பேன், பிஎஃப், வங்கி என ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் திருத்தம் கோருங்கள்.